என் பங்குக்கு வந்த ஜீப்

பிறந்த வீட்டுச் சொத்து என்று பெண்களுக்கு என்னென்ன வந்து சேரும் என்று யோசித்துப் பாருங்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றிரண்டு, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு ஜோடி வளையல். போடியில் என்னோடு படித்த ஒருத்திக்கு ஆட்டுக்கல் வந்தது. இன்றைக்கும் அதைத் திண்ணையில் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு வந்தது ஒரு ஜீப்.

சிரிக்காதீர்கள். ஓடுகிற ஜீப்பாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இது 2004-லேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டது. நாலு டயரும் மண்ணோடு மண்ணாகப் போயிருந்தன. தரைத் தகடு இத்துப்போய், உள்ளே கால் வைத்தால் நேரே பூமியில் நிற்க வேண்டியதுதான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஏதோ ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்துப் போயிருந்தது. காயலான் கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, 28,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். கிலோ கணக்குத்தான். பழைய இரும்புக்கு வேறென்ன மரியாதை?

அப்பாவுக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். அந்த ஜீப்பை 1978-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வண்டி செய்யப்பட்ட வருஷம் 1972. மகிந்திரா கம்பெனியின் சி.ஜே. 3பி என்கிற மாடல். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்தது. அங்கே 1968-ல் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல வருஷம் செய்தார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். யுத்தகாலத்து ஜீப்பைவிட மூக்கு உயரமாக, பானெட் பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும். புது எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் நுழைகிற வால்வை மேலே தூக்கி வைத்ததால் எஞ்சின் உயர்ந்துவிட்டது, அதை மூட பானெட்டையும் உயர்த்தினார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூன்று வருஷம் அந்த எஞ்சினோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேனே!

அப்பா அதில் ஏலக்காய் மூட்டை ஏற்றுவார், உரம் ஏற்றுவார், காலையில் போடியிலிருந்து வேலைக்கு வரும் பெண்களையும் ஏற்றுவார். பின்னால் எதிரெதிரே இரண்டு பலகை சீட்டு. பன்னிரண்டு பேர், பதினாலு பேர் என்று அடைத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தை நினைத்து நான் பெருமைப்பட மாட்டேன். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் அந்த மலைப்பாதையில் கவிழ்வது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. அப்பாவின் ஜீப் கவிழவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

2019-ல் அப்பா காலமானார். 2021-ல் பாகப்பிரிவினை. உயில் எதுவும் இல்லை. அப்பா சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சமபங்கு என்று 1956-லேயே சட்டம் சொல்லியாகிவிட்டது. "உனக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பது வீடுகளில் சொல்கிற சட்டம். இது பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். அன்றைக்கு நடந்தது இது: தோட்டம், வீடு எல்லாம் பேசி முடிந்த பிறகு பெரிய அண்ணன் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி வெறுங்கையோட போகக்கூடாது. அந்த ஜீப்ப எடுத்துக்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரிண்ணே, எடுத்துக்கிறேன்" என்றேன்.

அன்று ராத்திரி அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். அப்போது அவருக்கு 77 வயது. "ஏத்தா, வெளையாட்டுக்குச் சொன்னானோ வெனையாச் சொன்னானோ. மொதல்ல கையெழுத்து வாங்கு. பெறகு அதத் தொடு" என்றார். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் வக்கீலுக்குத் தோன்றுவது அம்மாவுக்கும் தோன்றியது! வண்டி அப்பா பேரில் இருந்தது. இறந்தவர் பேரிலிருந்து மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இவற்றோடு மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். அம்மாவும் இரண்டு அண்ணன்களும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரி முத்திரையும் வாங்கி, அதை என் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். உங்கள் பங்குக்கும் இப்படி எதாவது பழைய வண்டி வந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை எடுங்கள்.

மினி லாரியில் ஏற்றி வீட்டுக் கொல்லைப்புறம் கொண்டுவந்து இறக்கினோம். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சைக்கிள் செயின் கழன்றாலே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர். "உனக்கு முட்டி வலி இருக்கு, இதுல ஜீப்பு வேறயா?" என்று கேட்டதோடு சரி. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, 'ஜீப் வரவு செலவு' என்று எழுதி என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். பணம் என்னுடையதுதான். முப்பது வருஷத் தையல், அதில் கட்டிய சீட்டு. வீட்டுச் செலவிலிருந்து ஒரு பைசா எடுப்பதில்லை என்பது முதல் நாளே முடிவு.

பட்டறையை மூடிவிட்டு வீட்டிலிருந்த பழைய மெக்கானிக் பாய் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். அவருக்கு 71 வயது. கண்ணில் புரை, விரலில் பார்வை! போல்ட்டைத் தடவிப் பார்த்தே எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று சொல்லிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் வருவார். கையாள் நானும் மருமகளும். மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். சாயங்காலம் ஆனதும் பழைய நைட்டி மேல் என் வீட்டுக்காரரின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

முதல் சண்டை எஞ்சினோடு. ஹேண்டில் போட்டு இழுத்தால் இம்மி அசையவில்லை. பதினெட்டு வருஷம் சும்மா நின்றதில் பிஸ்டன் உள்ளே துருவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "அவசரப்பட்டு நெம்புனா ஒடஞ்சிரும்மா. ஊறப் போடுவோம்" என்றார் பாய். நாலு பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினோம். உளுந்து ஊறப்போட்டது போல தினம் காலையில் போய்ப் பார்ப்பேன். கொஞ்சம் இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுவேன். ஹேண்டிலை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். அசையாது. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் போய் ஆட்டியபோது, கையில் ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு தெரிந்தது. கால் அங்குலம் இருக்கும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா, பாம்புதான் என்று கம்போடு ஓடி வந்துவிட்டார்.

அசைந்ததே தவிர, பிறகு பிரித்துப் பார்த்ததில் சிலிண்டர் தேய்ந்துதான் இருந்தது. லேத்தில் கொடுத்து போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டினோம். சாமான்களுக்குக் கவலையே இல்லை. இந்த வகை ஜீப்புகள் நாட்டில் அத்தனை ஓடியிருக்கின்றன. மதுரையிலேயே பாதி கிடைத்தது, மீதியை மகன் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வாங்கி அனுப்பினான். 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில்பாதை வந்த பிறகு எனக்கு ஒரே கொண்டாட்டம். மதுரையிலிருந்து ரயிலில் வயர் கூடையில் பிரேக் டிரம்மை வைத்துக்கொண்டு வருவேன். எதிர் சீட்டு அம்மா ஒருத்தர், "என்னக்கா, குக்கரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஆரோக்கிய விஷயம். இதைத்தான் இளம் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டில் அப்போது மூன்று வயதுப் பேரன் இருந்தான். பழைய வண்டிப் பெயின்ட்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது தூசியாகப் பறந்து, துணியிலும் தரையிலும் படிந்து, குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு ஈயத்தைச் சின்னக் குழந்தை உடம்பு ஏற்றுக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதைத் தெரிந்துகொண்டு வந்து சொன்னவள் மருமகள்தான். சொன்னதோடு விடவில்லை, "அத்தை, இதுக்கு ஒரு வழி பண்ணாம உப்புத்தாள் எடுக்கக்கூடாது" என்று கண்டிப்பாக நின்றாள். அவள் போட்ட சட்டம்: தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள் மட்டும், வறட்டுத் தேய்ப்பு கிடையாது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு. மூக்குக்கு என்-95 மாஸ்க். வேலைத் துணியைக் கொல்லையிலேயே கழற்றி, தனி வாளியில் அலச வேண்டும். குளிக்காமல் பேரனைத் தூக்கக்கூடாது. கொல்லைக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். ஆறு மாதம் இந்த விரதம் நடந்தது.

பிரேக்கும் அப்படியே. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்பாக இருக்கும் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாய் வைத்து அடிப்பதும் பட்டறைகளில் பழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட வியாதியாக வரலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம். பாய் முதலில் சிரித்தார். "அம்பது வருசமா ஊதிக்கிட்டிருக்கேன்." பிறகு ஒன்றும் சொல்லாமல் அவரும் ஈரத் துணி எடுத்துக்கொண்டார்.

வேறு இரண்டு விஷயங்களில் பாய்தான் எங்களை மிரட்டினார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருத்தரும் படுக்கக்கூடாது, நாலு பக்கமும் ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகுதான் தலையை நீட்டலாம். இன்னொன்று பெட்ரோல் டேங்க். அதில் ஓட்டை இருந்தது. 'காலியாத்தானே இருக்கு, வெல்டிங் வைக்கலாமே' என்று யாருக்கும் தோன்றும். காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். பல தடவை கழுவி, பற்ற வைக்கிற இடம் மட்டும் விட்டு மீதி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வெல்டிங் பழகியவரிடம் கொடுத்துத்தான் அடைத்தார். ரப்பர் டியூப்களையும் பெட்ரோல் பம்பின் உள் ரப்பரையும் முழுக்க மாற்றினோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய காலத்து ரப்பரை அது அரித்துவிடும். கசிந்தால் சூடான எஞ்சின் மேல்தான் சொட்டும். நம் வீட்டு கேஸ் டியூப்பைக் காலத்தில் மாற்றுவது போலத்தான் இதுவும்.

டிங்கரிங், பெயின்ட் வேலையெல்லாம் விவரிக்க ஆரம்பித்தால் பக்கம் போதாது. தரைத் தகடு புதிது, மட்கார்டு ஒன்று புதிது. நிறம் அப்பா காலத்துப் பச்சை. சீட்டும் தார்ப்பாயும் மட்டும் என் ராஜ்யம். ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி பேப்பரில் அளவு வரைந்து, கழுத்து வளைவு வெட்டுவது போலச் சக்கரத்துக்கு மேல் வளைவு வெட்டினேன். சீட் ரெக்ஸினை என் மிஷினிலேயே பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டுத் தைத்துவிட்டேன். கான்வாஸ் தையல் சேருமிடத்தில் நாலு மடிப்பு வருகிறது, வீட்டு மிஷின் திணறிவிட்டது. அதைத் தார்ப்பாய் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கினேன்.

செலவைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டுக்காரரின் நோட்டுக்கு மரியாதை இல்லை. எஞ்சினுக்கு 62,000. டிங்கரிங், பெயின்ட் 58,000. பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டை 31,000. டயர் ஐந்து 24,000. சீட், தார்ப்பாய் 17,000. வயரிங், பாட்டரி 14,000. சில்லறைச் சாமான், பாய்க்குக் கூலி, அலைச்சல் 21,000. ஆக 2,27,000 ரூபாய், 2022 ஜனவரியிலிருந்து 2024 வரை. வாங்கிய கடனென்று ஒரு ரூபாய் இல்லை. சீட்டுப் பணம் வரும்போது வேலை, வராதபோது வண்டிக்குத் தார்ப்பாய் மூடி ஓய்வு.

பெயின்ட் காய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெரிய அண்ணன் வந்தார். கொல்லைக்குப் போனார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானெட் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காபி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மூணாறு, சூரியநெல்லிப் பக்கம் வருகிற டூரிஸ்டுகளுக்கு இந்த மாதிரி ஜீப் என்றால் உயிர். அவர் மகன் தோட்டத்தில் தங்கும் விடுதி போட்டிருக்கிறான். வாசலில் தாத்தா ஜீப் நின்றால் எத்தனை அழகு! ஐந்து லட்சம் தருகிறேன் என்றார்.

"விக்கிறதுக்குப் பண்ணலண்ணே" என்றேன்.

"அப்பா வண்டிம்மா. வீட்டு ஆம்பள கிட்ட இருக்கறதுதான் மொற."

எனக்கு வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. இரண்டு அண்ணன் வீடு, என் வீடு என்று மாறி மாறி இருக்கும் அம்மா அப்போது எங்களோடு இருந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டே, "கோழி அடை கெடந்தப்ப மொற தெரியலயாடா ஒனக்கு?" என்றார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாகப் போயிற்று. அவர் பொய் சொல்லவில்லை பாருங்கள். அது அப்பா வண்டிதான். பதினாறு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகியவர் அண்ணன். நான் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"சாவி தர்றேன். ஓட்டிட்டுப் போங்கண்ணே. சாயங்காலம் கொண்டாந்து விட்டுருங்க" என்றேன்.

போனார். எங்கே போனார் என்று தெரியாது. ஐந்தரை மணிக்கு வண்டி வந்தது. கழுவித் துடைத்து, பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சாவியை என் கையில் தரவில்லை. அம்மா கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார். அம்மா அதை ஒரு நாள் முழுக்க முந்தானையில் முடிந்து வைத்திருந்து, மறுநாள் என்னிடம் தந்தார். அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. மதினி மட்டும் வந்து கரும்பு வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். பீரோவில் இருந்த காகிதம் அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. பேர் மாற்றம் தடையில்லாமல் நடந்தது. இடையில் ஒரு யோசனை வந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு தர 2021-ல் விதி வந்திருக்கிறது. கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று போட்டுக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. காட்சிப் பொருளாக வைக்க எனக்கு இஷ்டமில்லை. சாதாரணப் பதிவையே அபராதத்தோடு புதுப்பித்து, பசுமை வரியும் கட்டினேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

லைசென்ஸ் எடுத்தது 58-வது வயதில். பயிற்சிப் பள்ளிக் காரில் கற்றுக்கொண்டது ஜீப்பில் பாதிதான் உதவுகிறது. மூன்றே கியர். வண்டி முழுக்க நிற்காமல் முதல் கியருக்குப் போனால் 'கரக்' என்று கத்தும். ஸ்டியரிங் கனம், முதல் மாதம் தோள்பட்டைக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். முன் சீட்டுகளுக்கு பெல்ட் வைத்திருக்கிறோம். பின் பலகை சீட்டில் ஆள் ஏற்றுவதில்லை. பேரன் அழுதாலும் ஏற்றுவதில்லை. அவனுக்குக் கொல்லையில் நிற்கும்போது ஹாரன் அடிக்க மட்டும் அனுமதி. போடிமெட்டுக்கு பதினேழு கொண்டை ஊசி வளைவு. இதுவரை நாலாவது வளைவு வரைதான் போய்த் திரும்பியிருக்கிறேன். கூட பாய் வந்தார், வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் தப்பு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

போன மழையில் தார்ப்பாயின் பின் ஓரம் ஒழுகிற்று. அங்கே ஒரு மடிப்பு கூட்டித் தைக்க வேண்டும். வைப்பர் இடது பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கொரு மோட்டார் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் மதுரை ரயிலில் போய் வாங்கி வருவேன். சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்குப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். முன் சீட்டு அவருக்கு, பெல்ட்டைப் புடவை கசங்காமல் போட வேண்டுமாம். பெரிய அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ வந்து ஓட்டுறியா, இல்ல அவளே ஓட்டட்டுமா?" என்றும் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றாராம்.